பிடிமண் எடுக்கப் போன தீவு

ஏரோப்பிளேன் எறங்கும்போது கீழ தரையே தெரியல. எங்கன பாத்தாலும் தண்ணி. கடலுக்குள்ளதான் விடப்போறான்னு நெனச்சு முன்னால உள்ள சீட்ட இறுக்கி புடிச்சேன். சக்கரம் தட்டுன பொறவுதான் ரோடு மாதிரி ஒரு துண்டு நெலம் கெடக்குன்னு தெரிஞ்சுது. பக்கத்து சீட்டு வெள்ளைக்காரம்மா என் கைய பாத்து சிரிச்சா. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய.

மாலத்தீவு. எங்க ஸ்ரீவைகுண்டத்துல இருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ்ல போன நேரத்துல பாதி கூட ஆவல, வெளிநாடு வந்துட்டு. டிக்கெட்டு எப்படி எடுத்தேன், பாஸ்போர்ட்டுக்கு எப்படி அலைஞ்சேன்ங்கதெல்லாம் விடுங்க, அது தனிக் கத. எதுக்கு போனேன்னு மட்டும் சொல்லிருதேன்.

எங்கண்ணன் இசக்கி இந்த நாட்டுல தெக்கு கடைசியில உள்ள ஒரு சின்ன தீவுல கொத்தனாரா இருந்தான். அந்த தீவுல உலகப்போர் நடக்கும்போது வெள்ளைக்காரன் பீரங்கி வைக்கதுக்கு கட்டுன மேடை ஒண்ணு கடக்கரையில கெடக்கு. போன வருசம் ஒரு வெள்ளிக்கிழம, லீவு நாளு, அங்கன போயி உக்காந்தவன் எந்திரிக்கல. நெஞ்சடைப்பு. கல்யாணம் ஆவல. பெட்டியில வந்தான், ஆத்தங்கரையில எரிச்சோம்.

எங்க பக்கத்துல, ஆயுசு முடியாம போனவனுக்கு வீட்டு பின்னால பீடம் போட்டு வருசா வருசம் படைப்பு வைப்பாவ. பீடத்துக்கு அடியில, அவன் உசுரு போன எடத்து மண்ணு ஒரு பிடி இருக்கணும். அதுக்கு பேருதான் பிடிமண்ணு. அது இல்லாம கட்டுனா வெறும் செங்கல்லுதான், அவன் வரமாட்டான், அங்கனயே அலைவான்னு எங்க கோயில் சாமியாடி சொல்லிட்டாரு. அம்மாவுக்கு அதுல இருந்து சோறு எறங்கல. "நீதாம்லே போவணும். கூடப்பொறந்தவன் கையால எடுக்கணும். வழியில எங்கனயும் தரையில வைக்கக்கூடாது, கேட்டியா?" ன்னா. அண்ணனும் இல்ல, அப்பாவும் இல்ல. எங்க வீட்டுல இப்ப நானும் அவளுந்தான். சரின்னு கெளம்பிட்டேன்.

வியாழக்கெழம சாயங்காலம் தெக்க போற சின்ன பிளேன்ல போயி எறங்கி, படகு ஏறணும். அண்ணன்கூட ஒரே ரூம்ல இருந்த செல்வம், கூடங்குளத்துக்காரன், தீவுல கரைக்கு வந்து நிக்கேன்னு சொல்லியிருந்தான். படகுத்துறையில ஒருத்தன் வெள்ளச்சட்ட போட்டுட்டு கைய காட்டுனான். ஏறிட்டேன். நம்ம ஊர்ல மினிபஸ்காரன் கைய காட்டுனா ஏறதில்லையா, அப்படித்தான்.

எறங்குன எடத்துல ஒரு பிள்ள குளுந்த துண்டும் எளநியும் நீட்டுனா. நல்லா மரியாத தெரிஞ்ச ஊரா இருக்கேன்னு துண்ட வாங்கி மொகத்த தொடச்சேன், எளநிய குடிச்சேன். பொறவுதான் பாக்கேன், கூட எறங்குன எல்லாமே புதுசா கல்யாணம் ஆன சோடிங்க. ஒத்தையில நிக்குறது நான் மட்டும், கையில மஞ்சப்பையோட. ஒரு ஆளு பேரு கேட்டான். சொன்னேன். செல்லுல தேடுதான், தேடுதான், காணல. அப்பமும் சிரிச்ச மொகம் மாறாம "சார், உங்க மனைவி?" ன்னு கேக்கான். அது பெரிய பணக்காரனுவ வந்து தங்குற தீவாம். என்ன திரும்ப படகுல ஏத்திவிடதுக்குள்ள இருட்டிட்டு. குடிச்ச எளநிய பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல, நல்ல ஆளுவதான்.

போன்ல வெசயத்த சொல்லியிருந்தேன். செல்வம் கரையில நின்னு காத்து காத்து கடுப்பாயிருந்தான்.

"என்ன மக்கா, ஹனிமூன் முடிஞ்சுதா?" ன்னான்.

"எளநி மட்டும்தான் குடுத்தாவ" ன்னேன்.

அவன் சிரிச்சான். சிரிச்சுட்டு உடனே நிறுத்திட்டான். செத்த வீட்டுக்காரன்கிட்ட சிரிச்சிட்டோமேன்னு நெனச்சிருப்பான். ஒரு வருசமா எல்லாவனும் என்கிட்ட இப்படித்தான் பாதியில நிறுத்துதான். எனக்கு அது பழகிட்டு.

ரூம்ல ஆறு கட்டிலு. அண்ணன் கட்டில்ல இப்ப ஒரு பங்களாதேசுக்காரன் படுத்திருக்கான். என்ன பாத்ததும் எந்திரிச்சு, நீ படுன்னு கைய காட்டுனான். வேண்டாம்னு சொல்லிட்டு தரையில பாய விரிச்சேன்.

வெள்ளிக்கெழம இங்கன நம்ம ஞாயித்துக்கெழம மாதிரி. ஊரே தூங்குது. காலையில செல்வம் ஒரு டீக்கடைக்கு கூட்டிட்டு போனான். ஐசாத்தான்னு ஒரு அம்மா, அம்பது வயசிருக்கும், தலையில முக்காடு, வாயில வெத்தல. தட்டுல சப்பாத்தி மாதிரி ஒண்ணும், தேங்காத்துருவல்ல மீன பிசைஞ்ச மாதிரி ஒண்ணும் வச்சா. வாயில போட்டு பாத்தா, நம்ம மாசிக் கருவாட்டுச் சம்பல்! உள்ளியும் பச்சமொளகாயும் போட்டு எலுமிச்ச பிழிஞ்சு பிசைஞ்சிருக்கு. நம்ம கடையில வாங்குற மாசி பூராவும் இங்கனருந்து வாரதுதானாம். ஊர்ல அத பொடிச்சு தண்ணிச்சோத்துக்கு தொட்டுக்கிடுவோம், இங்கன அதுதான் காலச்சாப்பாடே. ரெண்டு தட்டு தின்னேன்.

ஐசாத்தாவுக்கு மலையாளம் கொஞ்சம் வரும். அவ வீட்டுக்காரர திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில வச்சு பாத்தாளாம். எங்க ஊர்லயும் ஒண்ணும் முடியலன்னா அங்கதான் கொண்டுபோவோம்னு சொன்னேன். "பெறவு என்ன, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஊரு" ன்னா. என் மொகத்த கொஞ்ச நேரம் பாத்துட்டு, செல்வத்துக்கிட்ட அவங்க பாஷையில என்னமோ சொன்னா.

"என்ன சொல்லுதா?" ன்னேன்.

"நீ ஒங்கண்ணன் மாதிரி இல்லயாம். அவன் உள்ள வரும்போதே சத்தம் போட்டுக்கிட்டு வருவானாம். அவன் தம்பி ஊமையான்னு கேக்கா."

அதுக்கு பொறவு தொழுக முடியுற வரைக்கும் வேற ஒரு கடையும் தொறக்கல, ஒரு வண்டியும் ஓடல. செல்வம் ஒரு சைக்கிள் இரவல் வாங்குனான். என்ன பின்னால ஒக்கார வச்சு மிதிச்சான். பாதி வழியில சங்கிலி கழண்டுட்டு, மாட்டுனா திரும்ப கழண்டுது. கடைசியில சைக்கிள உருட்டிக்கிட்டு நடந்தோம். அந்த தீவுல எங்கன நடந்தாலும் வழி தப்பாது, ஒண்ணு இந்த கடலு, இல்லன்னா அந்த கடலு. ரோட்டோரத்துல தாழையும் பூவரசும் நிக்கி. தென்ன நம்ம ஊரு மாதிரி நேரா நிக்கல, எல்லாம் கடல பாத்து சாஞ்சு கெடக்கு. பழைய எண்ணெய் தொட்டி ஒண்ணு, ஒரு வீடு அளவுக்கு, துரு புடிச்சு நிக்கி. அதுக்குள்ள யாரோ மீனு காயப்போட்டிருந்தாவ.

"இங்கன பெரிய சண்டையா நடந்துச்சு?" ன்னு கேட்டேன்.

"எங்க நடந்துச்சு? கப்பல் நிக்க ரகசியமா எடம் புடிச்சானாம். பீரங்கிய வச்சிக்கிட்டு, எதிரி வருவான் வருவான்னு கடலையே பாத்துக்கிட்டு இருந்தானுவளாம். ஒரே ஒரு கப்பல மட்டும் அடிச்சிட்டு போனானாம், அது அந்தா அந்தப்பக்கம் முங்கி கெடக்கு."

பீரங்கி மேடை வந்துட்டு. வட்டமா சிமெண்டுச் சுவரு, இடுப்பு ஒசரம். நடுவுல பீரங்கிய திருப்புறதுக்கு இரும்பு வளையம், துருவேறி பொரிப்பொரியா உதிருது. பின்னால குண்டு அடுக்கி வைக்க ரெண்டு பொந்து, அதுல வவ்வாலு. எங்க ஊரு அணைக்கட்டும் வெள்ளைக்காரன் கட்டுனதுதான், அதுல இன்னமும் வாழைக்கும் நெல்லுக்கும் தண்ணி போவுது. இவன் இதக் கட்டி ஒண்ணுக்கும் ஆவல. ஆனா ஒண்ணு, அதுக்குள்ள உக்காந்தா காத்து அடிக்கி பாருங்க, ஆள தாலாட்டுது. கடலு மூணு நெறத்துல கெடக்கு. அண்ணன் வாராவாரம் இங்கன ஏன் வந்தான்னு நான் யாருட்டயும் கேக்கவேண்டியிருக்கல.

"இங்கனதான்" ன்னு செல்வம் சுவரோரத்துல கைய காட்டுனான். "தூங்குதான்னு நெனச்சோம் மக்கா. சோத்துக்கு கூப்புடத்தான் வந்தேன்."

பொழுது சாயுற வரைக்கும் ரெண்டு பேரும் கடலையே பாத்துக்கிட்டு அங்கனயே உக்காந்திருந்தோம். நான் பையில இருந்து சூடத்த எடுத்தேன். செல்வம் பதறிட்டான். "உள்ள வைலே! இங்கன வேற சாமிக்கு அதெல்லாம் கொளுத்துனா ரெண்டு பேரையும் ஊருக்கு மூட்ட கட்டிருவானுவ." சூடத்த உள்ள வச்சேன். வாய்க்குள்ளயே "அண்ணே, அம்மா கூப்புடுதா, வா" ன்னு சொல்லிட்டு, அவன் சாஞ்சிருந்த எடத்துல ஒரு பிடி அள்ளி மஞ்சத்துணியில முடிஞ்சேன். அப்ப வெளிச்சம் கொறஞ்சுட்டு. எடுத்தவன் திரும்பிப் பாக்காம நடக்கணும். நடந்தேன். பின்னால செல்வம் சைக்கிள உருட்டிக்கிட்டு, கடகடன்னு சத்தம். ரூம்ல ஏசிக்குப் போற பைப்புல முடிச்ச தொங்கவிட்டுட்டு படுத்தேன்.

சனிக்கெழம காலையில எந்திரிச்சா, முடிச்சு லேசா அவுந்து, கீழ பங்களாதேசுக்காரன் வெள்ள விரிப்புல கொஞ்சம் மணல் கொட்டியிருக்கு. தரையில விழல, நல்லவேள. குனிஞ்சு தொட்டுப் பாத்தேன். கொஞ்சம் எடுத்து வெளிச்சத்துல வச்சு பாத்தேன்.

நான் எட்டாவதோட படிப்ப விட்டு கொத்தனாருக்கு கையாளா போனவன். மணல் சலிக்கதுதான் எனக்கு தெரிஞ்ச ஒரே வேல. இந்த தீவு மண்ணு வெள்ள வெளேர்னு மாவு மாதிரி இருக்கும், பூராவும் சிப்பியும் பவளப்பாறையும் அரைஞ்சது. இது செவலையா, நறநறன்னு இருக்கு. ஊடால மினுக்கு. இது ஆத்து மணலு.

செல்வத்த எழுப்புனேன். கண்ண கசக்கிட்டு பாத்தான்.

"ஆமா மக்கா, நம்மூரு மணலுதான். இந்த ஊர்ல எங்க ஆறு இருக்கு? வீடு கட்டுததுக்கு ஜல்லி மணல் எல்லாம் தூத்துக்குடியில இருந்து தோணியிலதான் வருது. சுத்திப்பாக்க வாரவன் உக்காரட்டும்னு அந்த மேடைக்குள்ள மேடு பள்ளம் நெரவ சொன்னாவ. ஒரு வேலையில மிச்சப்பட்ட மணல கொண்டாந்து நானும் ஒங்கண்ணனுந்தான் கொட்டுனோம்."

"கோட்டிக்காரப்பயலே, நேத்தே சொல்லியிருக்கலாம்லா?"

"எனக்கு என்ன தெரியும்? மண்ணு வேணும்ன, எடுத்த. நீ அழுவுவன்னு நான் அந்தப்பக்கம் திரும்பிக்கிட்டேன்."

நான் அழல. அத சொன்னா அவனுக்கு ஒரு மாதிரி இருக்கும்னு பேச்ச மாத்துனேன்.

"அப்ப கீழ தோண்டி வெள்ள மண்ண எடுத்துருவோமா?" ன்னேன்.

"எடுக்கலாம். ஆனா ஏர்போர்ட்டுல புடுங்கிருவான். இந்த நாட்டுல இருந்து மண்ணு, சிப்பி, பவளம் ஒரு துண்டு வெளிய போவ விடமாட்டானுவ. நான் போன தடவ ஒரு சங்கு எடுத்துட்டு போவப்பாத்து நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

அன்னைக்கு முழுசும் அவன் எனக்கு ஊரச் சுத்திக் காட்டுனான். கடல்ல குளிச்சோம். கழுத்தளவு தண்ணியில நின்னா பாதத்துல உள்ள நகம் தெரியுது. எங்க ஆத்துல இப்ப முட்டளவுலயே ஒண்ணும் தெரியாது. முங்குன கப்பல பாக்க நாலு ரஷ்யாக்காரனுவ மொகத்துல கண்ணாடி மாட்டிக்கிட்டு படகுல போனானுவ. எங்களையும் வாங்கன்னு கூப்புட்டானுவ, எனக்கு அவ்வளவு நீச்சல் வராது. மத்தியானம் ஐசாத்தா, மீன வெறும் தண்ணியில உப்பு போட்டு வேகவச்சு, அத சோத்துல ஊத்தி, எலுமிச்சயும் மொளகாயும் தந்தா. புளி இல்ல, மசாலா இல்ல, இதென்ன காய்ச்சக்காரனுக்கு ஆக்குன மாதிரின்னு நெனச்சேன். தின்னு முடிக்கும்போது இன்னும் கொஞ்சம் ஊத்த சொன்னேன். "இவனும் பேசுதான்" ன்னு ஐசாத்தா சிரிச்சா.

சுகமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது. ஒரு வருசத்துக்கு பொறவு அன்னைக்குத்தான் வயிறு நெறைய தின்னு, மரத்தடியில படுத்து தூங்குனேன்.

சாயங்காலம் நான் மட்டும் திரும்ப அந்த மேடைக்கு போனேன். சுவரோரத்துல கையால தோண்டுனேன். ஒரு சாண் ஆழத்துல வெள்ள மண்ணு வந்துட்டு. அள்ளுனேன். குளுந்து கெடந்துச்சு. இதுதான் இந்த ஊரு மண்ணு. ஆனா எங்கண்ணன் இது மேலயா உக்காந்தான்? இத அவன் பாத்திருக்கவே மாட்டான், மேல மணல கொட்டுன அன்னைக்கு தவிர. அவன் சாஞ்சது, கடைசியா கை ஊணுனது எல்லாம் மேல உள்ள மணலு. ஆனா சாமியாடி கேட்டது உசுரு போன எடத்து மண்ணு. எடமா, மண்ணா? யாருட்ட கேக்க? போன் பண்ணி அம்மாட்ட கேட்டா அவ அன்னைக்கும் சாப்புடமாட்டா. வெள்ள மண்ண குழியிலயே போட்டு மூடிட்டு வந்துட்டேன். சரியா தப்பான்னு அப்ப தெரியல.

ஞாயித்துக்கெழம ஏர்போர்ட்டுல, பைய பெல்ட்டுல வைக்க சொன்னான். வச்சேன். கையில உள்ள முடிச்சையும் வைன்னான். நான் தலைய ஆட்டுனேன். அவன் தட்ட நீட்டுதான், நான் பின்னால போறேன். வரிசையில எல்லாரும் பாக்காவ. தட்டு தரை இல்லன்னு நானே ஒரு முடிவுக்கு வந்து முடிச்ச வச்சேன். மிஷினுக்குள்ள போயி வந்ததும், சட்டையில பட்டை குத்துன பெரிய ஆபீசர் ஒருத்தர் வந்து முடிச்ச அவுத்தார். "மணல்" ன்னு அவர் சொன்னது எனக்கே புரிஞ்சுது, மொகம் அப்படி மாறிட்டு.

எனக்கு இங்கிலீசும் வராது, இந்தியும் வராது. பின்னால ஒரு மலையாளி நர்சு நின்னாவ. "என்ன தம்பி இது?" ன்னாவ.

"இது இங்க உள்ள மண்ணு இல்லக்கா. எங்க ஊரு ஆத்து மணலு. தூத்துக்குடியில இருந்து வந்தது. நெறத்த பாக்க சொல்லுங்க."

அவங்க சொன்னாவ. ஆபீசர் வெரல்ல தேச்சு பாத்தார். இன்னொருத்தர கூப்புட்டு காட்டுனார். அவரும் தேச்சார். பொறவு சிரிச்சுக்கிட்டே என்னமோ கேட்டார்.

"இந்தியாக்காரன் இந்தியா மணல ஏன் இங்கேருந்து இந்தியாவுக்கு கொண்டுபோறான்னு கேக்குறார்" ன்னாவ நர்சக்கா.

"எங்கண்ணன் இது மேல உக்காந்து செத்துப்போனான்" ன்னேன். "எங்கம்மா கேட்டா."

நர்சக்கா என்ன பாத்தாவ. பொறவு ஆபீசர்கிட்ட அந்த ஊரு பாஷையில பேசுனாவ. நான் சொன்னது ரெண்டு வரி, அவங்க சொன்னது ரொம்ப நேரம் போச்சு. ஆபீசர் சிரிக்கல. துணிய நாலு மூலையும் சேத்து அவரே முடிஞ்சார். தட்டுல திரும்ப வைக்கல, என் உள்ளங்கையில வச்சார்.

பிளேன்ல மடியில வச்சிக்கிட்டு வந்தேன். திருநெல்வேலி பஸ்லயும் மடியிலதான். கண்டக்டர் டிக்கெட்டுக்கு கைய நீட்டும்போது ஒத்தக்கையால துட்ட எடுக்க பட்டபாடு தனி.

வீட்டுக்கு வந்தப்ப காலையில வெயிலு ஏறிட்டு. பின்னால பீடத்துக்கு குழி வெட்டி, செங்கல்லு அடுக்கி, தயாரா இருந்துச்சு. அம்மா முந்தானைய ரெண்டு கையிலயும் விரிச்சு முடிச்ச வாங்குனா. மூக்குகிட்ட கொண்டுபோனா.

"கடல் வாடையே இல்லையேலே" ன்னா.

பஸ்ல வரும்போதே என்ன சொல்லன்னு யோசிச்சுக்கிட்டுதான் வந்தேன். சொல்லாம விட்ருவோம்னுதான் நெனச்சேன். அவ மொகத்த பாத்ததும் எல்லாத்தையும் கொட்டிட்டேன். தோணியில போன மணலு, அவனே கொட்டுனது, அடியில கெடந்த வெள்ள மண்ணு, நான் அத எடுக்காம வந்தது, எல்லாம். அடுத்து அவ ஏசப்போறான்னு நான் நிக்கேன்.

"அவன் அதுல உக்காந்திருக்கும்போது காலுல செருப்பு கெடந்துச்சா?" ன்னு கேட்டா.

எனக்கு தெரியாது. அத நான் கேக்கவேயில்ல. செல்வத்துக்கு போன் போட்டேன். அம்மாவும் கேக்கட்டும்னு சத்தமா வச்சேன்.

"எங்க மக்கா போட்டிருந்தான்" ன்னான் செல்வம், கலவ மிஷின் சத்தத்துக்கு நடுவுல கத்திக்கிட்டு. "ரெண்டும் சுவருக்கு வெளிய கெடந்துச்சு. கால மணலுக்குள்ள பொதச்சு வச்சிக்கிட்டுதான் உக்காந்திருந்தான். நான்தான் காலுல ஒட்டுனத தட்டிவிட்டேன்."

நான் போன வச்சேன். அம்மா குனிஞ்சு முடிச்ச அவுத்து, மணல பையப் பைய குழியில விட்டா. துணியில ஒட்டுனதையும் வெரலால வழிச்சு விட்டா. பொறவு நிமுந்து, கொத்தனாருக்கு சொல்லிவிடவான்னு கேட்டா.

"நான்தாம்மா கட்டப்போறேன்" ன்னேன்.

"அப்ப சாப்புட்டுட்டு கட்டு" ன்னு சொல்லிட்டு, ரெண்டு தட்ட எடுத்து வச்சா.